ராட்சதர் புதையலைப் பகடையில் உருட்டுவது எப்படி

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை முதன்முறையாக நடத்துகிறவர்களுக்கு ஒரு கேள்வி சீக்கிரமே வந்துவிடும். குழு ஒரு ராட்சதர் குகைக்குள் போய் வென்றுவிட்டது. அங்கே என்ன கிடைக்க வேண்டும்? விதிப்புத்தகத்தில் அட்டவணை இருக்கிறது. பகடையை உருட்டினால் ‘1900 தங்கக் காசு, 6000 வெள்ளிக் காசு, ஒரு மாய வாள்’ என்று விடை வந்து விழும். அதை அப்படியே வாசித்துக் காட்டினால், கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் வளையில் கிடைத்ததற்கும் 18 அடி உயர ராட்சதன் வீட்டில் கிடைத்ததற்கும் ஆட்டக்காரர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

பகடை சொல்வது மதிப்பை மட்டும்தான். அந்த மதிப்பு எந்த உருவத்தில் இருக்கிறது, எவ்வளவு கனக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதை ஆட்டம் நடத்தும் டிஎம்தான் சொல்லியாக வேண்டும். ராட்சதர் விஷயத்தில் இந்த மூன்றும் மற்ற எந்த எதிரியையும்விட முக்கியம், ஏனென்றால் அவர்களுடைய பொருள் எதுவும் நம் அளவில் இருப்பதில்லை. இங்கே வரும் எண்கள், வேறு பதிப்பு என்று சொல்லாத இடங்களில், 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி உள்ளவை. வேறு பதிப்பு ஆடுகிறவர்கள் எண்ணை மாற்றிக்கொண்டால் போதும், முறை அதேதான்.

மடியில் இருப்பதும் குகையில் இருப்பதும்

புதையல் அட்டவணைகள் இரண்டு வகை. ஒன்று தனி ஆள் புதையல்: ஒரு எதிரி தன் பையிலும் மடியிலும் வைத்திருப்பது. இன்னொன்று குவியல்: ஒரு கூட்டமோ தலைவனோ இருப்பிடத்தில் சேர்த்து வைத்திருப்பது. இரண்டுமே எதிரியின் சேலஞ்ச் ரேட்டிங்கை, அதாவது அவனை வெல்வது எவ்வளவு கடினம் என்று காட்டும் சிஆர் எண்ணை, வைத்துத் தேர்ந்தெடுக்கப்படும்.

ஆறு முக்கிய ராட்சதர் இனங்களின் சிஆர் இப்படி: ஹில் ஜெயண்ட் 5, ஸ்டோன் ஜெயண்ட் 7, ஃப்ராஸ்ட் ஜெயண்ட் 8, ஃபயர் ஜெயண்ட் 9, க்ளவுட் ஜெயண்ட் 9, ஸ்டார்ம் ஜெயண்ட் 13. ஆக முதல் ஐந்து இனங்களுக்கும் சிஆர் 5–10 அட்டவணை. ஸ்டார்ம் ஜெயண்டுக்கு மட்டும் 11–16.

தனி ஆள் புதையலுக்கு டி100, அதாவது 1 முதல் 100 வரை எண் தரும் பகடை, உருட்ட வேண்டும். சிஆர் 5–10 அட்டவணையில் 30 வரை விழுந்தால் 4டி6×100 செப்புக் காசும் (ஆறு முகப் பகடை நான்கை உருட்டிக் கூட்டி 100-ஆல் பெருக்கியது) 1டி6×10 எலெக்ட்ரம் காசும் (தங்கமும் வெள்ளியும் கலந்தது) கிடைக்கும். 71 முதல் 95 வரை விழுந்தால் 4டி6×10 தங்கக் காசு. குவியலுக்குக் காசு நிச்சயம் உண்டு: 2டி6×100 செப்பு, 2டி6×1000 வெள்ளி, 6டி6×100 தங்கம், 3டி6×10 பிளாட்டினம். அதற்கு மேல் டி100 உருட்டி ரத்தினமோ கலைப்பொருளோ மாயப் பொருளோ உண்டா என்று பார்க்க வேண்டும். காசை மட்டும் எடுத்தால் இந்தக் குவியலின் சராசரி சுமார் 3857 தங்கக் காசு. ஸ்டார்ம் ஜெயண்ட் குவியலில் காசு மட்டுமே சராசரியாக 31,500 தங்கக் காசு வரை போகும்.

புது டிஎம்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். குகையில் ஆறு ராட்சதர் இருந்தால் ஆறு பேருக்கும் குவியல் உருட்டிவிடுகிறார்கள். அந்த அட்டவணை ஒரு இருப்பிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்தது. முதல் நிலையிலிருந்து இருபதாம் நிலை வரை போகும் ஒரு முழு நீளத் தொடருக்கே சிஆர் 5–10 குவியல் மொத்தம் 18 முறை உருட்டினால் போதும் என்று டிஎம் கையேடு சொல்கிறது. ஒரே மாலையில் ஆறு உருட்டினால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தலைவனுக்கு ஒரு குவியல், மற்றவர்களுக்குத் தனி ஆள் புதையல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

27 மடங்கு என்ற கணக்கு

ஃபயர் ஜெயண்டின் உயரம் சுமார் 18 அடி. ஆறடி மனிதனைவிட மூன்று மடங்கு. அவனுடைய மோதிரமும் மூன்று மடங்கு அகலம், மூன்று மடங்கு உயரம், மூன்று மடங்கு தடிமன். மூன்றையும் பெருக்கினால் 27. அதே உலோகத்தில் செய்த அதே பொருள் 27 மடங்கு கனக்கும். ராட்சதர் பொருள் எதையும் விவரிப்பதற்கு முன்னால் இந்த 27-ஐ நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த ஆட்டத்தில் 50 காசு சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு காசு ஏறக்குறைய 9 கிராம், நம் வீட்டு நகைக் கணக்கில் ஒரு பவுனைவிடச் சற்றே கூடுதல். அரைப் பவுன் மோதிரம் ஒன்றை ராட்சதன் விரலுக்குச் செய்தால் 108 கிராம், பதின்மூன்றரைப் பவுன். மனிதர் கையில் அது காப்பாகத்தான் போகும். ஆனால் ஆட்டக் கணக்கில் அதன் தங்க மதிப்பு 12 காசுதான். பார்க்கப் பிரமாண்டம், மதிப்பு அடக்கம். 150 கிராம் வெள்ளிக் கோப்பை ராட்சதன் மேசையில் நாலு கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். அதன் மதிப்பு ஏறக்குறைய 446 வெள்ளிக் காசு, அதாவது 44 தங்கக் காசு.

இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம், உண்மையில் அதிகம் உதவுவது அதுதான். பகடையில் 6000 வெள்ளி விழுந்தால் 50-ஆல் வகுங்கள்: 120 பவுண்டு வெள்ளி, சுமார் 54 கிலோ. இத்தனை எடையில் ராட்சதன் என்ன செய்து வைத்திருப்பான் என்று கேளுங்கள். மேலே சொன்ன கோப்பைகள் 13 செய்யலாம், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். காசு மூட்டையாக இருந்த புதையல், ஒரு விருந்து மேசையாக மாறிவிட்டது. மதிப்பு மாறவில்லை, ஆட்டச் சமநிலையும் கெடவில்லை.

போர்க்கவசத்துக்கு 27 மடங்கு கணக்கு ஒரு எச்சரிக்கை மாதிரி. மனிதருக்கான பிளேட் கவசம் 65 பவுண்டு, விலை 1500 தங்கக் காசு. ஃபயர் ஜெயண்ட் அணிந்திருப்பதும் பிளேட்தான். 27-ஆல் பெருக்கினால் 1755 பவுண்டு. அதை 1500-இன் மடங்குகளில் விற்க ஆட்டக்காரர்கள் ஆசைப்படுவார்கள். யார் வாங்குவார்கள்? வாங்க இன்னொரு ராட்சதன்தான் வர வேண்டும். ஊர்ச் சந்தையில் அது பழைய இரும்பு. ஒரு பவுண்டு இரும்பு ஒரு வெள்ளிக் காசு, ஆக முழுக் கவசமும் சுமார் 175 தங்கக் காசு, அதுவும் உருக்க ஆள் கிடைத்தால். 2003-ல் வந்த 3.5 பதிப்பில் இந்த அளவுக் கவசத்துக்கு எடை 5 மடங்கு, விலை 4 மடங்கு என்று மென்மையான கணக்கு உண்டு. கணக்குப் போட அலுப்பாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் தொடர் முழுக்க ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கனம் என்பது இந்தப் புதையலுக்கு ஆரம்பத்திலிருந்தே இருக்கும் குணம். இதே ஆட்டத்தின் பழைய பதிப்பான 1981 எக்ஸ்பர்ட் விதிகளில் ராட்சதர் குவியலுக்கு எழுத்து அட்டவணையில் ‘ஈ’ வகையும், கூடவே 5000 தங்கக் காசும் என்று குறிப்பு இருக்கும். அந்தப் பதிப்பில் பத்துக் காசுக்கே ஒரு பவுண்டு. கூடுதலாகக் கொடுத்த அந்த 5000 மட்டும் 500 பவுண்டு. பணம் கிடைத்ததே அடுத்த சிக்கலின் தொடக்கம்.

எந்த இனம், எந்தப் பொருள்

ஐந்தாம் பதிப்பின் ராட்சதர் சமூகத்தில் ஆர்ட்னிங் என்ற படிநிலை இருக்கிறது. ஸ்டார்ம் உச்சியில், அடுத்து க்ளவுட், ஃபயர், ஃப்ராஸ்ட், ஸ்டோன், கடைசியில் ஹில். ஒவ்வோர் இனத்துக்குள்ளும் யார் பெரியவர் என்று முடிவு செய்யும் அளவுகோல் வேறு. புதையலின் உருவத்தைத் தீர்மானிக்க இந்த அளவுகோலைப் பிடித்துக்கொள்வதுதான் சிறந்த வழி, ஏனென்றால் எவரும் தன் பெருமைக்குரியதைத்தான் சேர்த்து வைப்பார்கள்.

ஹில் ஜெயண்டுக்குப் பெருமை உடம்பும் சாப்பாடும். அவன் புதையல் சேர்ப்பதில்லை, சாப்பாட்டோடு வந்தது சேர்ந்துவிடுகிறது. கொள்ளையடித்த வண்டியில் தானியம் தின்று தீர்ந்தது, அடியில் கிடந்த பணப்பெட்டி அப்படியே கிடக்கிறது. ஆகவே இங்கே பொருள்கள் எல்லாம் மனித அளவு, உடைந்தவை, கலந்தவை, அழுகிய எலும்புக் குப்பைக்குள் புதைந்தவை. தேட நேரம் பிடிக்கும் என்று சொல்லிவிடுங்கள்: நாலு பேர் ஒரு மணி நேரம் தேடினால் பாதி, மூன்று மணி நேரம் தேடினால் முழுவதும். அந்த நேரத்தில் வெளியே போன மற்ற ராட்சதர் திரும்பலாம். மாயக் கோல் ஒன்று பகடையில் வந்தால் அதைப் பல் குத்தும் குச்சியாக அவன் வைத்திருக்கலாம். அது என்ன என்று அவனுக்குத் தெரியாது, அவன் விரலுக்கு அது பிடிபடவும் பிடிபடாது.

ஸ்டோன் ஜெயண்ட் கல் செதுக்குவதில் பெருமை கொள்பவர். குகைக்கு வெளியே உள்ள உலகத்தையே கனவு என்று நினைக்கிறவர்களுக்குக் காசு எதற்கு? குவியலில் வந்த தங்க மதிப்பில் பெரும்பகுதியைச் சிற்பமாகவும் பட்டை தீட்டாத ரத்தினமாகவும் மாற்றுங்கள். 250 தங்கக் காசு மதிப்புள்ள சிற்பப் பலகை ஒரு டன் கனக்கலாம். எடுத்துப் போக முடியாததைப் பேரம் பேசி மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு இந்த இனத்திடம் அதிகம்.

ஃப்ராஸ்ட் ஜெயண்ட் உடல் வலிமையை மதிக்கும் சூறைக்காரர். செய்வது குறைவு, பறிப்பது அதிகம். வென்ற எதிரியின் ஆயுதம், டிராகன் மண்டை ஓடு, தந்தம், கம்பளித் தோல், கப்பல் சரக்கு. இவற்றில் பாதி பனிக்கட்டிக்குள் உறைந்திருக்கும்.

ஃபயர் ஜெயண்ட் கொல்லர், போர் வீரர். இவரிடம் உருவமில்லாத காசு அதிகம் இருக்காது, உருக்கி விடுவார். இருக்கும் காசு பெரும்பாலும் கைதிகளுக்காக வந்த மீட்புப் பணம். கீழே இவர் குவியல் ஒன்றையே முழுதாகப் பிரித்துக் காட்டியிருக்கிறேன்.

க்ளவுட் ஜெயண்ட் செல்வத்தைக் காட்டுவதாலேயே மதிக்கப்படுபவர். யார் அதிகம் வைத்திருக்கிறார், யார் அதிகம் பரிசளிக்கிறார், யார் அதிகம் பந்தயம் கட்டுகிறார் என்பதுதான் அளவுகோல். கலைப்பொருள் அட்டவணையின் 750, 2500 தங்கக் காசுப் படிகள் எல்லாம் இவருக்கென்றே எழுதியது போலிருக்கும்: ரத்தினம் பதித்த முகமூடி, நகை, இசைக்கருவி. இவருடைய குவியலைப் பூட்டிய அறையில் வைக்காதீர்கள். வரவேற்புக் கூடத்தில், விருந்தினர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இன்னொன்று, இவருடன் சண்டை போடாமலேயே புதையல் பெறலாம். பந்தயத்தில் ஜெயிக்கலாம், பரிசாகப் பெறலாம். உருட்டிய குவியலில் எந்தப் பொருளை அவர் பந்தயத்தில் வைப்பார் என்று முன்பே குறித்து வையுங்கள்.

ஸ்டார்ம் ஜெயண்ட் தனித்திருப்பவர், சகுனங்களைத் தேடுபவர். கடலடியில் வாழ்கிறவரிடம் முத்து, பவளம், மூழ்கிய கப்பல்களின் சரக்கு. பொன்னுக்கு உப்பு நீரால் சேதமில்லை. காகிதச் சுருள், துணி, மரம் எல்லாம் காற்றுப் புகும் அறையிலோ மூடிய குடுவையிலோ இருந்தால்தான் பிழைக்கும். பகடை ஒரு மந்திரச் சுருளைக் கொடுத்தால் அது எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று ஒரு வரி யோசித்து வையுங்கள்.

ஒரு குவியலை உருட்டிப் பிரிப்போம்

ஃபயர் ஜெயண்ட் தலைவன் ஒருவன், சிறு கோட்டை. பகடை இப்படி விழுந்ததாக வைத்துக்கொள்வோம்: 2டி6-ல் 8, எனவே 800 செப்பு. அடுத்த 2டி6-ல் 6, எனவே 6000 வெள்ளி. 6டி6-ல் 19, எனவே 1900 தங்கம். 3டி6-ல் 11, எனவே 110 பிளாட்டினம். தங்கக் கணக்கில் 8, 600, 1900, 1100. கூட்டினால் 3608. காசாகவே இருந்தால் 8810 காசு, 176 பவுண்டு.

800 செப்பு என்பது 16 பவுண்டு செம்பு. துருத்தியின் மூக்குக் குழாய் என்று எழுதிக்கொள்ளுங்கள். 120 பவுண்டு வெள்ளியை அவன் பத்துப் பத்துப் பவுண்டுக் கட்டிகளாக வார்த்துக் கொல்லுலைப் பக்கம் அடுக்கியிருக்கிறான், 12 கட்டிகள். ஒவ்வொன்றும் 50 தங்கக் காசு பெறும். குழு கட்டிகளை எண்ணிப் பங்கு போட்டுக்கொள்ள எளிது. தங்கத்தில் 500 காசுக்குப் பத்துப் பவுண்டு எடையில் இடுப்புப் பட்டையின் கொக்கி. 300 காசுக்கு ஆறு பவுண்டில் ஒரு கைவளை. மீதி 1100 மனிதர் நாணயங்களாகவே, மீட்புப் பணம் வந்த தோல் பைகளில். அந்தப் பைகளில் அனுப்பியவர்களின் முத்திரை இருந்தால் அடுத்த சாகசத்துக்கு நூல் கிடைத்துவிடும். 110 பிளாட்டினம் வெறும் 2.2 பவுண்டு, ஆனால் 1100 தங்கக் காசு மதிப்பு. அதை அவன் வாளின் பிடியில் சுற்றிய கம்பியாக வையுங்கள். தேடாதவர்கள் கண்ணுக்கு அது படாது.

கொக்கியும் கைவளையும் பிடிக்கம்பியும் அவன் உடம்பிலேயே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். அவன் தப்பி ஓடினால் புதையலில் பாதிக்கு மேல் அவனோடு ஓடிவிடும். ஆட்டக்காரர்கள் சண்டையை நடத்தும் விதமே இதனால் மாறும்.

மாயப் பொருள் யாருக்குப் பொருந்தும்

டிஎம் கையேட்டில் மாயப் பொருள் அட்டவணைகள் ‘ஏ’ முதல் ‘ஐ’ வரை. பொருள் வந்ததும் இரண்டு கேள்வி: ராட்சதனுக்கு அது பயன்படுமா? குழுவுக்குப் பிறகு பயன்படுமா?

முதல் கேள்விக்கு நல்ல உதாரணம் பெல்ட் ஆஃப் ஜெயண்ட் ஸ்ட்ரெங்த். ஹில் ஜெயண்ட் பெல்ட் அணிந்தவரின் வலிமையை 21 ஆக்கும். ஸ்டோன், ஃப்ராஸ்ட் 23, ஃபயர் 25, க்ளவுட் 27, ஸ்டார்ம் 29. இவை அந்தந்த ராட்சதரின் சொந்த வலிமை எண்களேதான். ஏற்கெனவே அந்த எண்ணோ அதற்கு மேலோ இருப்பவருக்கு பெல்ட் எதுவும் செய்யாது. ஆக ஹில் ஜெயண்ட் இடுப்பில் ஹில் ஜெயண்ட் பெல்ட் இருப்பதில் அர்த்தமே இல்லை. அதுவே ஃப்ராஸ்ட் ஜெயண்ட் தலைவனிடம் ஸ்டார்ம் பெல்ட் இருந்தால் அவனுடைய தாக்குதல் கூட்டல் 9-லிருந்து 12 ஆகும், கோடரி அடி 3டி12+6 என்பது 3டி12+9 ஆகும். படிநிலையில் கீழே இருப்பவன் மேலே இருப்பவனின் பலத்தை அணிந்து திரிகிறான். அதை எங்கே எடுத்தான் என்ற கேள்விக்குப் பதில் எழுதினால் ஒரு கதை தயார்.

ஜெயண்ட் ஸ்லேயர் வாள் பகடையில் வந்தால் பலர் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி உருட்டுகிறார்கள். ராட்சதனை வெட்டக் கூடுதலாக 2டி6 சேதம் தரும் ஆயுதம் ராட்சதன் வீட்டில் ஏன் இருக்கும் என்று குழப்பம். அதுதான் இருக்க வேண்டிய இடம்: அதை ஏந்தி வந்தவன் தோற்றான், வாள் தங்கிவிட்டது. ஃப்ராஸ்ட் ஜெயண்ட் என்றால் சுவரில் மாட்டியிருப்பான், ஃபயர் ஜெயண்ட் என்றால் உருக்க முயன்று பாதியில் விட்டிருப்பான். சண்டைக்கு நடுவில் ஆட்டக்காரர் ஒருவர் ஓடிப் போய் எடுக்கிற மாதிரி வையுங்கள்.

ராட்சதனால் பயன்படுத்த முடிந்தால் அவன் பயன்படுத்த வேண்டும். ஃப்ளேம் டங் வாள் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக 2டி6 நெருப்புச் சேதம் தரும். ஃபயர் ஜெயண்டின் 6டி6+7 அடி சராசரி 28, அதோடு 7 சேர்ந்தால் 35. சுற்றுக்கு இரண்டு அடி. ஐந்தாம் நிலை மந்திரவாதி ஒரே அடியில் விழுந்துவிடுவார். இப்படிப் பொருள் கொடுத்தால் அந்த ராட்சதனின் சிஆரை ஒன்று கூட்டிக் கணக்கிட்டுச் சண்டையை அமையுங்கள்.

இரண்டாவது கேள்வி அளவு பற்றியது. அணியும் மாயப் பொருள்கள் பெரும்பாலும் அணிபவருக்கு ஏற்பத் தாமே சுருங்கும் அல்லது விரியும் என்பது விதி. மோதிரம், பெல்ட், காலணிக்குச் சிக்கல் இல்லை. ஆயுதம் அப்படி இல்லை. பெரிய ஆயுதத்துக்குச் சேதப் பகடை பெருகும்: மனிதரைவிட ஒரு படி பெரிய லார்ஜ் அளவுக்கு இரண்டு மடங்கு, இரண்டு படி பெரிய ஹியூஜ் அளவுக்கு மூன்று மடங்கு. ராட்சதர் எல்லாம் ஹியூஜ். கோடரியின் 1டி12 ஃப்ராஸ்ட் ஜெயண்ட் கையில் 3டி12 ஆவதும், பெருவாளின் 2டி6 ஃபயர் ஜெயண்ட் கையில் 6டி6 ஆவதும் இதனால்தான். அந்த வாளை மனிதன் தூக்கினால்? தனக்கு மேற்பட்ட அளவு ஆயுதத்தால் தாக்குவது டிஸ்அட்வான்டேஜில், அதாவது பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். இரண்டு படி பெரியது என்றால் ஏந்தவே முடியாது என்று டிஎம் சொல்லிவிடலாம். சொல்லிவிடுங்கள். 6 பவுண்டுப் பெருவாள் 27 மடங்கில் 162 பவுண்டு.

ஆனால் பகடை கொடுத்த மாய வாளைக் குழு பயன்படுத்தவே முடியாது என்றால் வெகுமதி வீணாகிறது. மூன்று வழிகள் உண்டு. மாய வாள் மட்டும் ஏந்துபவரோடு இசைவு (பொருளும் ஆளும் மாயத்தால் பிணைந்துகொள்வது) செய்துகொண்டதும் அவர் அளவுக்குச் சுருங்கும் என்று வைக்கலாம், எளிது. அல்லது பகடையில் வந்தது ராட்சதனின் கத்தி என்று வைத்து, மனிதர் கையில் அது பெருவாள் விதிகளின்படி 2டி6 அடிக்கும் என்று தீர்க்கலாம். கத்தியின் 1டி4-ஐ மூன்று மடங்காக்கி 3டி4 கொடுக்காதீர்கள், பெருவாளைவிடச் சராசரி கூடிப்போய் ஆயுத அட்டவணையே கலைந்துவிடும். மூன்றாவது வழி, கொல்லரிடம் கொடுத்து மறு வார்ப்பு. அதற்குச் செலவும் வாரங்களும் ஆகட்டும்.

மருந்துக் குடுவைக்குத் தனி எச்சரிக்கை. ஒரு மாய மருந்து ஓர் அவுன்ஸ், 30 மில்லி. ராட்சதன் குடிக்கும் குடுவை 27 மடங்கு என்றால் 800 மில்லிக்கு மேல். அதைக் குழு 27 வேளையாகப் பிரித்துக்கொண்டால் உங்கள் தொடர் அன்றோடு நிலைகுலையும். குடுவை எவ்வளவு பெரிதானாலும் ஒரு குடுவை ஒரு வேளை, முழுவதும் குடித்தால்தான் பலன் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். வெளியே தெரிவதைவிட உள்ளே அதிகம் கொள்ளும் மாயப் பையான பேக் ஆஃப் ஹோல்டிங் ராட்சத அளவில் இருந்தாலும் கொள்ளளவு 500 பவுண்டு என்பதை மாற்றாதீர்கள்.

ரூன் பொருளை நீங்களே செய்வது

ராட்சதர் தாங்களே செய்த மாயப் பொருள்களில் ரூன் என்ற மந்திர எழுத்து இருக்கும். இல்ட் என்றால் நெருப்பு, ஸ்டெய்ன் என்றால் கல். புதிதாக ஒன்று செய்ய ஒரு ரூன், ஒரு அன்றாடப் பொருள், ஒரு நிலையான சிறு பலன், நாளுக்கு ஒரு முறை ஒரு மந்திரம் என்று நான்கையும் சேர்த்தால் போதும். உதாரணம்: இல்ட் இடுக்கி. கொல்லனின் இரும்பு இடுக்கி, ஆளுயரம், 40 பவுண்டு. பிடித்திருப்பவரைப் பழுத்த இரும்பும் தணலும் தொட்டால் சுடாது. நீண்ட ஓய்வுக்கு ஒரு முறை, உலோகத்தைப் பழுக்கச் சூடாக்கும் ஹீட் மெட்டல் மந்திரம், டிசி (எதிர்ப்பவர் பகடையில் எட்ட வேண்டிய எண்) 13. அரிய தன்மையில் ரேர் தரத்துக்குக் கீழான அன்காமன் தரம், இசைவு தேவையில்லை. அது இரண்டாம் நிலை மந்திரம் என்பதால் இந்தத் தரத்துக்கு மிஞ்சாது. மூன்றாம் நிலைக்கு மேல் போனால் தரத்தையும் ரேர் ஆக்கிவிடுங்கள்.

பையில் என்ன இருந்தது

தனி ஆள் புதையலில் வந்த காசோடு, ராட்சதன் தோள் பைக்கு ஒரு டி8 உருட்டினால் அந்த ஆளுக்கு உயிர் வரும்.

1. எறிய வைத்த கற்கள் டி4. ஒன்றின் பிளவில் 50 தங்கக் காசு மதிப்புள்ள ரத்தினம்.
2. பாதி தின்ற ஆடு, 20 பவுண்டு உப்பு மூட்டை.
3. கோயில் வெண்கல மணி, 25 தங்கக் காசு. சுமந்து நடந்தால் ஒலிக்கும், பதுங்குவதற்கு டிஸ்அட்வான்டேஜ்.
4. பூட்டிய மனித அளவு இரும்புப் பெட்டி, டிசி 15. அவன் விரலால் திறக்க முடியவில்லை. உருட்டிய காசு முழுவதும் இதற்குள்தான்.
5. மூன்றடி நீளத் தந்தச் சீப்பு, 25 தங்கக் காசு.
6. நாலாய் மடித்த கப்பல் பாய். முகம் துடைக்க வைத்திருக்கிறான்.
7. ஆளுயர மரப் பொம்மை, அதற்கு மாட்டிவிட்ட அசல் செயின் ஷர்ட், 50 தங்கக் காசு.
8. குழு போக வேண்டிய ஊரின் வழிகாட்டிப் பலகை, தூணோடு பிடுங்கியது.

4-ஆம் எண்ணை நான் மிகவும் பரிந்துரைக்கிறேன். ராட்சதர் கை நம் பூட்டுக்கு ஏற்றதல்ல என்ற ஒரு சின்ன உண்மை, திருடர் பாத்திரத்துக்கு வேலை கொடுக்கிறது.

வெளியே கொண்டு போவது

வலிமை எண்ணை 15-ஆல் பெருக்கினால் ஒருவர் சுமக்கும் பவுண்டு. வலிமை 10 என்றால் 150. நாலு பேர் கொண்ட குழு ஆயுதம், கவசம், உணவு போக ஒரு சராசரிக் குவியலின் 198 பவுண்டுக் காசைத் தட்டுத் தடுமாறித் தூக்கிவிடும். சிற்பமும் கவசமும் சேர்ந்தால் முடியாது. பேக் ஆஃப் ஹோல்டிங் இருக்கிறதே என்பார்கள். அதன் வாய் இரண்டடி விட்டம்தான். ராட்சதனின் தட்டோ கேடயமோ உள்ளே போகாது, இதை மறந்துவிடாதீர்கள். துணி போல மடித்து எடுத்துப் போகும் மாயக் குழியான போர்ட்டபிள் ஹோலின் வாய் ஆறடி, போகும். ஒன்றை மற்றொன்றுக்குள் வைத்தால் இரண்டுமே அழிந்து, அருகில் இருப்பவர்களை அஸ்ட்ரல் பிளேன் என்ற வேறு உலகத்துக்கு இழுத்துவிடும் என்பதையும் பேராசைக்காரர்களுக்கு நினைவூட்டுங்கள்.

டென்சர்ஸ் ஃப்ளோட்டிங் டிஸ்க் என்ற மிதக்கும் மந்திரத் தட்டு 500 பவுண்டை ஒரு மணி நேரம் சுமக்கும். ரெட்யூஸ் மந்திரம் ஒரு பொருளைப் பாதி அளவாக்கி எடையை எட்டில் ஒன்றாக்கும், ஆனால் ஒரே நிமிடம். குறுகிய வாசலைத் தாண்ட அது போதும், ஊர் வரை போதாது. 8 தங்கக் காசுக் கோவேறு கழுதை 420 பவுண்டு தூக்கும். 50 தங்கக் காசு வண்டிக் குதிரையின் சுமை 540 பவுண்டு. வண்டியில் பூட்டினால் ஐந்து மடங்கு, 2700. வண்டியின் சொந்த எடை 400 போக 2300. அந்த 1755 பவுண்டுக் கவசத்தை ஒற்றைக் குதிரை இழுத்துவிடும், சாலை இருந்தால். வண்டி 35 தங்கக் காசு, குதிரை 50. கவசம் இரும்பாக விற்றால் 175. ஊருக்கு வந்து சேரும்போது லாபம் 90. குதிரையும் வண்டியும் மிச்சம். வழியில் கொள்ளையர் யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தால் இந்தக் கணக்கு.

விற்பதிலும் ஒரு விதி உண்டு: ரத்தினமும் கலைப்பொருளும் முழு மதிப்புக்குப் போகும், நல்ல நிலையில் உள்ள ஆயுதமும் கவசமும் பாதி விலைக்கு, எதிரிகள் பயன்படுத்தியவை விற்கும் நிலையில் இருப்பதே அரிது. நாலு கிலோ வெள்ளிக் கோப்பை ஒரு சின்னக் கிராமத்தில் விலை போகாது. அதை வாங்கும் அளவுக்குப் பணம் வைத்திருக்கும் வியாபாரி எந்த நகரத்தில் இருக்கிறார் என்று, குவியலை உருட்டும்போதே ஒரு பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.